நாலு பேர் என்று சொன்னேன்

போனவர்கள் மூன்று பேர்: சேத்துப்பட்டு அருளப்பன், அவன் மனைவி ஸ்டெல்லா, நான். வராதவள் என் மனைவி வசந்தா. அவள் சேவூரில் என் அப்பா அம்மாவோடு இருந்தாள், விசா வரும் என்று காத்துக்கொண்டு.

வீடு ஓடும்போது அலமாரிக் கதவைக் கொக்கி போட்டு வைக்க வேண்டும் என்பது லாஸ் ஏஞ்சலஸைத் தாண்டிய முதல் வளைவிலேயே தெரிந்தது. ரசப்பொடி டப்பா உருண்டு வந்து என் காலில் இடித்தது. ஆர்.வி. என்று இங்கே சொல்லும் அந்த வண்டிக்குள் அடுப்பு, குழாய், கட்டில், கக்கூஸ் எல்லாம் உண்டு. ஊரில் இதைப் படிப்பவர்கள் லாரி மேல் ஒரு வீட்டை ஏற்றிவிட்டதாக நினைத்துக்கொள்ளலாம். நின்றால் வாசலில் ஒரு பாலைவனம், அடுத்த முறை நின்றால் வேறொரு பாலைவனம். கதவு வைத்த பின்கட்டு அவர்களுக்கு. சாப்பாட்டு மேசையை மடக்கினால் வரும் பலகை எனக்கு.

வண்டியை வாடகைக்கு எடுத்த இடத்திலேயே அருள் சொல்லிவிட்டான்: "ரெண்டு குடும்பம், பாதி பாதின்னா உனுக்கு நஷ்டம்டா முருகேசா. செலவ மூணாப் பிரிச்சிக்கலாம்." பார்க்கலாம் என்றேன்.

எனக்குப் பொறாமை. வேறு பெயர் வைத்துச் சொல்வதில் பயனில்லை. ஸ்டெல்லா ஆரஞ்சை உரித்து, ஓட்டிக்கொண்டிருந்தவன் வாயில் சுளை சுளையாக வைத்தாள். எனக்கு வந்தது காகிதத் தட்டில். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மேப்பைப் பார்த்து அவர்கள் போட்ட சண்டையைத்தான் பொறுக்க முடியவில்லை. "லெஃப்ட்டுன்னு அப்பவே சொன்னனே, காதுல வாங்குனாத்தானே?" என்று அவள் கேட்க, "நீ சும்மா கத்திகினு வராத, பேஜாரா கீது" என்று இவன் எகிற, அடுத்த மைலில் இருவரும் சிரித்துவிட்டார்கள். நானும் வசந்தாவும் ஒரு சண்டை போட ஒரு மாதம் ஆகும். அவள் கோபம் ஏரோகிராமில் வந்து சேரும்போது அவளுக்கு ஆறியிருக்கும். என் சமாதானம் போய்ச் சேரும்போது எதற்கென்றே மறந்திருக்கும். என் வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான், எனக்குப் பிறகு அந்த வீட்டில் எழுத்துத் தெரிந்தவள் அவள்தான். என் கடிதத்தை எல்லோருக்கும் சத்தமாகப் படிக்க வேண்டியதும் அவளே. அதனால் கோபத்தையும் அளவாகத்தான் எழுத வேண்டும்.

கிரீன் கார்டு மாப்பிள்ளை என்றுதான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். அந்தக் கார்டை ஆரணி பஸ் நிலையத்தில் என் மாமனார் நாலு பேரிடம் காட்டினார். வழியனுப்ப வந்த வசந்தா, "எப்பங்க?" என்றாள். ஆறு மாசம் என்றேன். கார்டு வைத்திருப்பவன் கட்டிய மனைவி வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும், வேலை விசாவில் வந்தவன் மனைவி உடனே ஏறி வரலாம் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அருளிடம் இருந்தது வேலை விசா. கல்யாணம் முடிந்த கையோடு ஸ்டெல்லா வந்து இறங்கினாள். "சேத்துப்பட்டுப் பெண் போய்விட்டாளாமே, அவர்களைவிட நாம் என்ன குறைச்சல்?" என்று வசந்தா எழுதியிருந்தாள். அந்த வரியை வீட்டாருக்குப் படித்துக் காட்டியிருக்க மாட்டாள்.

டெத் வேலி என்ற பாலைவனப் பூங்காவின் மணல்மேட்டில், அம்மாவுக்கு போட்டோ அனுப்ப ஸ்டெல்லா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டாள். அரக்குச் சிவப்பு, ஆரணிப் பட்டு. சாப்பிடும்போது அருளின் முழங்கை பட்டு ரசம் முந்தானையில் கொட்டியது. அவள் வேறு புடவைக்கு மாறி, பட்டை அலசி எடுத்து வந்தாள். நம் ஊர் வழக்கப்படி அவளும் அவனும் ஆளுக்கொரு முனை பிடித்து வண்டி நிழலில் உலர்த்தினார்கள். காற்று இழுத்தது. "ஏங்க, ஜல்தி புடிங்க!" நிழலை விட்டு அவர்கள் வெளியே ஓட, ஆறு கஜமும் மணலுக்கு மேல் எழும்பி அடித்துக்கொண்டது. நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாலையில் போன ஜீப் திரும்பி வந்தது. அகலத் தொப்பி போட்ட ரேஞ்சர், பூங்காக் காவலர், இறங்கி ஓடி வந்தார். யாரோ ஆபத்தில் சிவப்புத் துணி காட்டுவதாக நினைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த என்னிடம் முதலில் கேட்டார், எத்தனை பேர் வந்தீர்கள் என்று.

"ஃபோர்" என்றேன்.

ஏன் சொன்னேன்? காலையிலிருந்து என் மனதில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு அது. அவர் எங்களை எண்ணினார். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கக்கூஸ் கதவையும் திறந்து பார்த்தார். கை இடுப்பு ரேடியோவுக்குப் போனது. நாலாவது யார் என்றார். என் மனைவி என்றேன்.

"கடைசியாக அவரை எப்போது பார்த்தீர்கள்?"

"போன வருஷம் ஜூன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதற்குள் அருள் புடவை முனையோடு ஓடி வந்து, அவள் இந்தியாவில் இருக்கிறாள் என்று விளக்கினான். ரேஞ்சர் ரேடியோவிலிருந்து கையை எடுத்தார். "இந்த இடத்தில் இருப்பவர்களை மட்டும் எண்ணுங்கள், சார். இல்லாதவரைத் தேட நான் விமானம் அனுப்ப வேண்டியிருக்கும்" என்றார். அனுப்பினால் நல்லதுதான் என்று தோன்றியது.

ஜீப் போனதும் அருள் மணலில் உட்கார்ந்து சிரித்தான். "இன்னாடா இது, வசந்தாவ மணல்ல தேட வுட்டிருப்பியே!"

"சிரிக்காதீங்க, நீங்க" என்று ஸ்டெல்லா அவனை அதட்டினாள். அவன் விட்ட முனையை எடுத்து என்னிடம் நீட்டினாள். "அண்ணா, இத நீங்க புடிங்க."

பிடித்தேன். காய்ந்துகொண்டிருந்த பட்டு காற்றில் படபடத்தது. எதிர் முனையில் இருந்தது அவன் மனைவி. சேவூரில் இதே வேலைக்கு வசந்தா ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

திரும்பி வந்ததும் அருள் வாடகை, பெட்ரோல், மளிகை எல்லாம் கூட்டினான். "மூணாப் போடறேன்" என்றான்.

"ரெண்டாப் போடு."

"நீ ஒண்டி ஆளுதானேடா?"

"ரெண்டு குடும்பம்னு நீதானே சொன்ன?"

அவன் ஸ்டெல்லாவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு டாலர். என் குடும்பத்துக்கு இருநூற்று ஆறு. அதில் வசந்தாவின் பங்கு நூற்று மூன்று.