நெறி கட்டிய இடம்

தொடை இடுக்கில் கட்டி. இரண்டு நாளாய் யாரிடமும் சொல்லக் கூசி, என்னென்னவோ நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். கடைசியில் ஆஸ்பத்திரி நர்ஸ் பிள்ளையிடம் காட்டினேன். அவள் என் கால்விரல் புண்ணையும் பார்த்துவிட்டு, "நெறி கட்டியிருக்கு பாட்டி, அவ்வளவுதான். புண்ணுல இருக்கிற கிருமி நிணநீரோட மேலே ஏறாம அந்த முடிச்சு மறிச்சு நிக்குது" என்றாள். நாலாவதோடு படிப்பை விட்ட எனக்குக் கொஞ்சம்தான் விளங்கியது. ஆனால் நெறி என்ற சொல் என்னை நான் பிறந்து வளர்ந்த ரெட்டியபட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று பேசிக்கொண்ட காலம். பருத்தி வண்டியோடு மதுரைக்குப் போன சித்தப்பா நொண்டிக்கொண்டு வந்தார். தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. பந்தல்குடியில் அவருக்குப் பெண் பேசி முடித்திருந்த நேரம். கெட்ட சகவாசத்தில் வருகிற அரையாப்பு என்று அய்யா நினைத்துவிட்டார்.

"ஏலே, மதுரையில எவ வீட்டுல போய்க் கிடந்த?"

பருத்திமாறு புகைகிற அடுப்படியில் அம்மாவும் நானும் நின்றிருந்தோம். சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நொண்டி நொண்டித் தொழுவத்துக்குப் போய்விட்டார். என்னவென்று புரியாமலே எனக்கும் கூச்சத்தில் உடம்பு குறுகியது. அய்யா ஆள் அனுப்பிச் சம்பந்தத்தை நிறுத்திவிட்டார்.

சித்தப்பாவின் குதிகால் பழுத்து உடைந்தது அதற்குப் பிறகுதான். சீழோடு ஒடிந்த உடைமரத்து முள் வந்தது, கட்டியும் அமுங்கிப்போனது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு வேறிடத்தில் வெற்றிலை மாற்றிவிட்டார்கள்.

அய்யா முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். "காலைக் காட்டியிருக்கலாம்ல" என்றார்.

"நீ காலையா கேட்ட, அண்ணே?"