பாண்டிசெல்வியின் முகத்தைப் படித்தவர்கள்

காலை ஷிப்டுக்கு வருகிறவர்களில் ஒருவரையும் நலம் விசாரிக்காமல் பாண்டிசெல்வி உள்ளே விட்டதில்லை. ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் டைம் ஆபீஸ் கிளார்க். வருகைப் பதிவும் லீவுச் சீட்டும்தான் வேலை. மகளுக்கு வரன் அமைந்ததா, மாமியாருக்கு மூட்டுவலி தேவலையா என்பதெல்லாம் அவளாக எடுத்துப் போட்டுக்கொண்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து பதினெட்டு வருஷமாக இப்படித்தான். வாய் சும்மா இருந்தால் தலை வலிக்கும் அவளுக்கு.

போன மாதம் அந்த வாய்க்கு ஆபத்து வந்தது. புது மெஷின்கள் வந்து இறங்கின. வாசலில்கூட, முகத்தைப் பார்த்து வருகை பதியும் பெட்டி ஒன்று மாட்டினார்கள். எல்லோரையும் அதன் முன் நிறுத்திப் பழக்கியது அவள்தான். இருபது பேரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று மில் முழுக்கப் பேச்சு. லிஸ்ட் மானேஜர் மேஜைக்குள் இருந்தது. பாண்டிசெல்வி அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்? ஆபீஸில் இருப்பவளுக்குத் தெரியாமலா என்று ஆளாளுக்கு அவள் முகத்தில் லிஸ்டைத் தேடினார்கள்.

"நீங்க சேந்து எம்புட்டு வருஷம் ஆச்சுண்ணே?" என்று சிவனாண்டியிடம் வழக்கம்போலக் கேட்டுத் தொலைத்தாள். மனுஷன் அன்று மத்தியானம் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாராம். சரி, வேண்டாம் என்று மறுநாள் விசாரிப்பை நிறுத்தினாள்; பேசமாட்டேன் என்கிறாளே, அப்படியானால் நம் பேர் இருக்கிறது என்று ஒரு ஷிப்டே கலங்கிப்போயிற்று. கொரோனா காலத்து மாஸ்க் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினாள். கண்ணைப் படிக்க ஆரம்பித்தார்கள். பஞ்சுத் தூசி விழுந்து இடது கண் துடித்த நேரம் பார்த்து சுப்புராஜ் எதிரே வந்தார். தன் பேர் இல்லை என்று கண்ணடித்துச் சொல்கிறாள் என எடுத்துக்கொண்டார். "போதும் தாயி, புரிஞ்சுபோச்சு" என்று கும்பிட்டுவிட்டுப் போனவர் மறுநாள் அரைக்கிலோ பால்கோவாவோடு வந்து நின்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரிக்கே பால்கோவா! அதுவும் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவளுக்கு. பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெட்டி வாங்கி வர, மேஜையில் ஃபைல் வைக்க இடமில்லை. அதுவரை 'ஏட்டி செல்வி' என்றவர்களெல்லாம் 'மேடம்' என்றார்கள்.

ஒன்றுமே கேட்காதவள் ஞானபாக்கியம் ஒருத்திதான். மெஷினில் அறுந்த நூலை இணைக்கிற வேலை. பாண்டிசெல்வியின் டிபன் பாக்ஸில் தன் பாட்டுக்குக் கைவிட்டு மீன் எடுக்கிற உரிமை உள்ளவள். மகளுக்கு நர்சிங் படிப்பு இன்னும் இரண்டு வருஷம் பாக்கி. அவள்கூட இப்போது, "ஒரு துண்டு எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டுவிட்டு எடுத்தாள். பாண்டிசெல்விக்கு அதுதான் தாங்கவில்லை. இவள் பேர் மட்டும் இருக்கக்கூடாது என்று ஆண்டாளுக்கு நெய்விளக்கு நேர்ந்துகொண்டாள். ஞானபாக்கியம் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதை ஆண்டாள் பெரிதுபடுத்தமாட்டாள் என்று அவளுக்கு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மானேஜர் லிஸ்டை நீட்டி, போர்டில் ஒட்டச் சொன்னார். இருபது பேர், பிரிவு வாரியாக. நடந்துகொண்டே ஸ்பின்னிங் பிரிவை மட்டும் இரண்டு தரம் படித்தாள். ஞானபாக்கியம் இல்லை. மேற்கொண்டு படிக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. போர்டின் முன்னால் கூட்டம். அவள் ஒட்டிக்கொண்டிருக்க, அத்தனை பேரும் தாளை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். பக்கத்தில் வந்து நின்ற ஞானபாக்கியத்தின் காதில் மட்டும் சொன்னாள்.

"உம் பேரு இல்லட்டி. நல்லாப் பாத்துட்டேன்."

ஞானபாக்கியத்துக்கு நம்ப முடியவில்லை. முதல் பேரிலிருந்து விரல் வைத்துக் கீழே வந்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. டைம் ஆபீஸ், ஒரே ஒரு பேர். சட்டென்று உள்ளங்கையை விரித்து அந்த வரியை மூடிக்கொண்டாள்.

"கையை எடுட்டி, பசை காயல" என்றாள் பாண்டிசெல்வி.

அவள் எடுக்கவில்லை. பாண்டிசெல்வியே அந்தக் கையை விலக்கி, அடியில் இருந்ததை வாசித்தாள். பிறகு, தூக்கிக்கொண்டு நின்ற கீழ்மூலையில் இன்னும் கொஞ்சம் பசை தடவி அழுத்தி ஒட்டினாள்.