புது போனுக்குள் பாய் குரல்

புது போனை விற்பது ஐந்து நிமிஷ வேலை. வாங்கியவர் மறுநாள் காலையில் சண்டைக்கு வராதபடி அதை அவருக்கு ஏற்றபடி செட் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. உங்கள் வீட்டிலும் நீங்கள்தான் "போன் தெரிஞ்ச பிள்ளை" என்றால் என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டில்கூட நம்மை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்கள். பாயசத்தில் கை வைக்கும்போதுதான் யாராவது போனை நீட்டி, "இதுல என்னமோ வந்துக்கிட்டே இருக்கு, பாரேன்" என்பார்கள்.

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருக்கும் எனக்கு இப்போது அதுவே உத்தியோகம். மந்தைவெளி ஸ்டேஷன் பக்கத்தில் ரஹீம் பாயின் போன் கடை. நேர் எதிரே என் அம்மாவின் தையல் கடை. பாய் போனை விற்பார். நான் ஸ்டூலில் உட்கார்ந்து எழுத்து, சத்தம், பூட்டு எல்லாவற்றையும் வாங்கியவருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பேன். யாரும் கேட்காமல் நானே பார்க்கிற வேலை இன்னொன்று உண்டு. ஒருவர் இரண்டு வாக்கியம் பேசினால் போதும், அந்தக் குரல் என் தொண்டையில் வந்து குடியேறிவிடும். முதலில் குடியேறியது பாய் குரல். நெஞ்சில் கிளம்பி மூக்கு வழியாக வெளியே வரும் குரல் அது. யாராவது பில் வாங்காமல் படியிறங்கிவிட்டால் தெருமுனை வரைக்கும் கேட்கும்: "ஹலோ! நில்லுங்க! பில்லு வாங்காமப் போறீங்க!"

மரியாதை தெரிந்த போன்

அடையாறிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். புது போனைக் கையில் வைத்துக்கொண்டு, "இது தமிழ்ல பேசுமா?" என்று கேட்டார். பேசும், அதற்கு ஒரு செட்டிங்கை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்து என் பேனா கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன். "வணக்கம் அம்மா. தாங்கள் செருப்பை வெளியே விட்டு வரவும்" என்று இயந்திரக் குரலில் சொன்னேன். அவர் நிஜமாகவே போய்ச் செருப்பை விட்டுவிட்டு வந்தார். "நன்றி. தங்கள் புடவை மிக நன்றாக உள்ளது" என்றேன். அவர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கப் பாடுபட்டதில் செட்டிங்கை மாற்ற மறந்தே போனேன்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே படியில் நின்றார். "கடையில அவ்ளோ மரியாதையா பேசின போன், எங்க வீட்டுக்கு வந்ததும் ஊமையாயிடுச்சு. எனக்கு இது வேணாம், அந்தப் போனே வேணும்."

காலண்டரில் கோடு

அந்த அம்மாள் போனதும் பாய் சிவப்புப் பேனாவை எடுத்துச் சுவர்க் காலண்டரின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தார். அம்மா தையல் மிஷினை நிறுத்திவிட்டுத் தெருவைக் கடந்து வந்தாள். இரண்டு பேரும் என்னை வைத்துக்கொண்டே ஒப்பந்தம் போட்டார்கள். என்னைப் பற்றி மூன்று கம்ப்ளெய்ன்ட், மூன்று கோடு. மூன்றாவது கோடு விழுந்த அன்றே நான் தாம்பரம் பெரியம்மா வீட்டுக்குப் போய், காலேஜ் திறக்கும்வரை டைப்ரைட்டிங் கிளாஸில் உட்கார வேண்டும்.

பெரியம்மா நல்லவர்தான். ஆனால் அந்த வீட்டில் இருப்பது மொத்தமே ஒரு குரல், அதுவும் எனக்கு ஏற்கெனவே வரும். இங்கே கடையிலோ ஒரு நாளைக்கு முப்பது குரல், எல்லாம் தானாகப் படியேறி வருகிறது. இந்த ஸ்டூலை விட்டுவிட்டு டைப் அடிக்கவா போவேன்? "இனிமே ஒழுங்கா இருக்கேன்" என்றேன். அம்மா என்னை நம்பாமல் பாயைப் பார்த்துச் சொன்னாள்: "கோடு போட இடம் இருக்கா பாருங்க பாய், இவளுக்கு ஒரு வாரத்துக்கு மேல தாங்காது."

பஸ் முழுக்கத் தெரிந்த மெசேஜ்

மயிலாப்பூர் மாமா ஒருவர் வாரம் ஒருமுறை வந்து எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு போவார். புது போனில் முதலில் மாற்ற வேண்டியது எழுத்தின் அளவுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாதிப் பேருக்குப் போன் பிடிக்காததற்குக் காரணம் அது கண்ணுக்குத் தெரியாததுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு அளவு வேண்டாமா? மாமாவோ, "இன்னும் பெருசு, இன்னும் பெருசு" என்று பாட்டுக் கச்சேரி மாதிரி ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் திரையில் ஒரு சமயத்தில் நான்கு வார்த்தைதான் தெரிந்தது. "இப்பதான்டி கண்ணுக்குக் குளுமையா இருக்கு" என்று கிளம்பினார்.

அடுத்த வாரம் வந்தவர், "கொஞ்சம் சின்னதாக்கிடு" என்றார். நான் ஏன் என்று கேட்டேன். "நேத்திக்கு பஸ்ல நின்னுண்டே மாப்பிள்ளைக்குக் காட்டமா ஒரு மெசேஜ் அடிச்சிண்டிருந்தேன். பின்னாடி நின்னவர் தோளைத் தட்டி, 'சார், அந்தக் கடைசி வரி வேண்டாம், உங்க பொண்ணுக்குத்தான் கஷ்டம்'ங்கறார். படிச்சுப் பார்த்தேன், நியாயமாத்தான் பட்டுது, எடுத்துட்டேன்."

சந்தனப் பொட்டு

நம் ஊரில் புது வண்டிக்குப் பூஜை உண்டு. புது போனுக்கும் உண்டு என்பது இந்த ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு அக்கா போனை வாங்கி, நேராகக் கோயிலுக்குப் போய்விட்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார். "போன் வந்தா ஸ்க்ரீன் கறுப்பாயிடுது, கட் பண்ணவே முடியல." நான் அணைத்துப் போட்டேன், அப்டேட் செய்தேன், செட்டிங்கில் இருந்த எல்லாக் கதவையும் தட்டினேன். அரை மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது, போனின் நெற்றியில் காய்ந்துபோன ஒரு சந்தனப் பொட்டு. காதில் வைத்திருக்கிறோமா இல்லையா என்று போன் பார்த்துக்கொள்ளும் கண் அங்கேதான் இருக்கிறது. பொட்டு மறைத்ததும், சரி, காதில்தான் இருக்கிறோம் என்று திரையை அணைத்துவிடுகிறது.

துடைக்கப் போனேன், அக்கா கையைப் பிடித்தார். "பின்பக்கம் வெச்சுக்கலாமா?" பின்னால் கேமரா. "பக்கவாட்டுல?" அங்கே விரல் ரேகை. கடைசியில் அக்காவே தீர்ப்புச் சொன்னார். "அப்ப டப்பாவுக்கே வெச்சுடறேன், உள்ள என்ன இருந்துச்சுன்னு சாமிக்குத் தெரியாதா?"

ஐந்து தடவை அமுக்கினால்

பவர் பட்டனை ஐந்து தடவை வேகமாக அமுக்கினால், நாம் குறித்து வைத்த ஆளுக்கு "ஆபத்தில் இருக்கிறேன், இங்கே இருக்கிறேன்" என்று போன் தானாகச் செய்தி அனுப்பும். இதை யார் போனிலும் நான் விடாமல் ஆன் செய்து கொடுப்பேன். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஓட்டும் குமார் அண்ணனுக்கும் செய்தேன். ஆபத்துக்கு யார் என்று கேட்டதற்கு, மனைவி நம்பரைக் கொடுத்தார். அவருடைய போன் ஹேண்டில்பாரில் ஒரு கவ்வியில் மாட்டியிருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. அந்தக் கவ்வியின் பல் சரியாகப் பவர் பட்டன் மேல் உட்கார்ந்திருந்தது. தேனாம்பேட்டையில் தோண்டிப் போட்ட ரோட்டில் வண்டி குதிக்கும்போதெல்லாம் பட்டனும் குதித்தது, மனைவிக்குச் செய்தி பறந்தது.

நான்காம் நாள் அண்ணன் கடை வாசலில் வந்து கத்தினார். பாய் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டாவது கோட்டைப் போட்டார். எனக்குக் கண்ணுக்குள் தாம்பரம் வந்தது. மன்னிப்புக் கேட்டு, அந்த செட்டிங்கை எடுத்துவிடப் போனேன். அண்ணன் போனைப் பிடுங்கிக்கொண்டார். "மொத தபா அழுதுகினே ஓடியாந்தா. ரெண்டாவது தபா திட்டிகினு வந்தா. மூணாவது தபா, எப்டியும் வரப் போறோமேன்னு கையில சோத்த எடுத்தாந்தா பாப்பா. முழுசா ஆஃப் பண்ணாத, மதியம் ஒரு மணிக்கு மட்டும் வேல செய்யிற மாரி வெச்சுக் குடு."

சுண்டு விரல்

செல்வி அக்கா ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவர். வாடிக்கை வீடுகள் எல்லாம் இப்போது போனில்தான் மீன் சொல்கிறார்கள், அதுவும் குரல் செய்தியாக. அதற்காகத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் புது போன் வாங்கினார். விரல் ரேகைப் பூட்டு வைக்க உட்கார்ந்தோம். வலது கட்டைவிரல் பிடிக்கவில்லை. இடது கட்டைவிரல் பிடிக்கவில்லை. செதில் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கியிருந்தது. ஒவ்வொரு விரலாக வைத்து வைத்து, கடைசியாக இடது கைச் சுண்டு விரலுக்கு வந்தோம். போன் உடனே "சரி" என்றது.

அக்கா அந்தச் சுண்டு விரலை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து முறைத்தார். "மத்த ஒம்பது வெரலும் தேஞ்சி போச்சி, இது ஒண்ணுதான் வேல செய்யாம சும்மா ஒக்காந்துகினு கீது. போனுக்கு இத்தத்தான் புடிச்சிகீது பாரு!"

அலை பக்கத்தில் கேட்க வேண்டும்

அதே அக்கா இரண்டு நாளில் திரும்பி வந்தார். அலைச் சத்தத்திலும் ஏலச் சத்தத்திலும் போன் அடிப்பது கேட்கவில்லையாம். கடையில் இருந்த எல்லா ரிங்டோனையும் போட்டுக் காட்டினேன். வீணை, மணி, குயில், எதுவும் பிடிக்கவில்லை. "மன்சன் கத்துனாதான் எனுக்குக் கேக்கும்" என்றார். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். எனக்கு நாக்கு அரித்தது. இரண்டு கோடு விழுந்தாகிவிட்டது என்று மூளை சொன்னது, தொண்டை கேட்கவில்லை. போனில் பதிவு பட்டனைத் தட்டி, நெஞ்சிலிருந்து கிளப்பி, மூக்கு வழியாக விட்டேன். "ஹலோ! நில்லுங்க! பில்லு வாங்காமப் போறீங்க!"

அக்கா சிரித்த சிரிப்பில் கவுண்டர் கண்ணாடி அதிர்ந்தது. அதையே ரிங்டோனாக வைத்துக் கொடுத்து, பாயிடம் மட்டும் சொல்லாதீர்கள் என்று கெஞ்சினேன். "நான் இன்னாத்துக்குச் சொல்றேன்? போனுதான் சொல்லும்."

வஞ்சிரம் பேசியது

ஒரு நாள் மதியம் அக்கா மூச்சு வாங்க ஓடி வந்தார். கையில் மகளின் பழைய போன். புது போனைக் காணோம். காலையில் மகளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்குப் போனபோது சைலன்ட்டில் போட்டிருக்கிறார், அப்புறம் குப்பத்தில் ஹோட்டல் வண்டிக்கு மீன் அடுக்கியிருக்கிறார், அதற்கப்புறம் இல்லை. "அம்பது வூட்டு ஆர்டரு அதுலதான் கீது பாய்!" என்று அழுதார். நான் எல்லாப் போனிலும் ஆன் செய்து வைக்கும் இன்னொரு செட்டிங், தொலைந்த போனைத் தேடுவது. மகள் போனிலும் அக்காவின் கணக்கை ஏற்றியிருந்ததால் திறந்து பார்த்தேன். புள்ளி குப்பத்தில்தான் நின்றது. "நம்ம கடை போனு, நானும் வரேன்" என்று பாய் ஷட்டரை இறக்கினார். குமார் அண்ணன் ஆட்டோவில் நான்கு பேரும் ஏறினோம், குழியெல்லாம் குதித்தோம்.

குப்பத்துச் சந்தில் ஹோட்டல் வண்டி கிளம்பத் தயாராக நின்றது. கடைசி ஐஸ் பெட்டியை ஒருவர் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். புள்ளி எந்தப் பெட்டி என்றெல்லாம் சொல்லாது. ஆனால் "ஒலிக்கச் செய்" என்று ஒரு பட்டன் உண்டு. சைலன்ட்டில் இருந்தாலும் முழுச் சத்தத்தில் அடிக்கும். என் கட்டைவிரல் அதன் மேல் நின்றது. அமுக்கினால் பாய் குரல் கேட்கும், பக்கத்தில் பாய் நிற்கிறார், மூன்றாவது கோடு, தாம்பரம். அமுக்காவிட்டால் வண்டி போய்விடும். அக்கா என் முகத்தைப் பார்த்தார். வண்டி உறுமியது. அமுக்கிவிட்டேன்.

"ஹலோ! நில்லுங்க! பில்லு வாங்காமப் போறீங்க!" என்று ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து பாய் கத்தினார். டிரைவர் பிரேக் போட்டார். என் பக்கத்தில் நின்ற பாய் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். பெட்டியைத் தூக்கியவர் அதை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு இரண்டடி பின்னால் போனார். "அண்ணே, வஞ்சிரம் பில்லு கேக்குதுண்ணே!"

அக்கா மீனை விலக்கி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போனை எடுத்தார். ஒரு கீறல் இல்லை. குப்பமே சிரித்தது. பாய் மட்டும் சிரிக்காமல், "நான் இப்டியா கத்துறேன்?" என்று கேட்டார். அதே நேரம் சந்து முனையில் குமார் அண்ணனின் மனைவி டிபன் கேரியரோடு வந்து இறங்கினார். அவர்தான் சொன்னார்: "இதுவே கம்மி பாய், நீங்க கூப்ட்டா ஸ்டேஷன்ல ரயிலே நின்னுடும்."

மூன்றாவது கோடு

மறுநாள் காலையில் பாய் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு காலண்டர் பக்கம் போனார். நான் என் பையை மடியில் வைத்துக்கொண்டேன். எதிர்க் கடையில் மிஷின் சத்தம் நின்றது. அந்த நேரம் பார்த்து, ஹெட்போன் வாங்கிய ஒருவர் பில்லை விட்டுவிட்டுப் படியிறங்கினார். பாய் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு பூனைக்குட்டி மாதிரி, "ஹலோ... பில்லு..." என்றார். படியிறங்கியவர் காதில் விழவே இல்லை, நடந்துகொண்டே இருந்தார். பால் பூத்தைத் தாண்டினார். தெருமுனைக்கே போய்விட்டார்.

பாய் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார். "என்னை என்னா பாத்துக்கினு இருக்க? கூப்புடு, என் கொரல்ல."

ஆகவே, வீட்டுக்கு வீடு மாட்டிக்கொண்டு முழிக்கும் சக பிள்ளைகளே, புது போன் கைக்கு வந்ததும் எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஆபத்துக்கு ஒரு ஆளைக் குறியுங்கள், தொலைந்தால் தேடும் வழியைத் திறந்து வையுங்கள், ரிங்டோனுக்கு மட்டும் உங்களை வேலையை விட்டு அனுப்பக்கூடியவர் குரலையே வையுங்கள்.