பால்கட்டுன்னு சொன்னவ நான்தான்

டொக்டரம்மா ஸ்கேன் மெஷினை எம் பக்கம் திருப்பிக் காட்டுனாங்க. "இதுதான் உங்க மார்ல இருக்கிற கட்டி. ஓரம் உருண்டையா, வழவழன்னு இருக்கு. உள்ள வெறும் தண்ணிதான். கெட்ட கட்டின்னா ஓரம் முள்ளு முள்ளா இருக்கும், அடியில கறுப்பா நிழல் விழும். நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

நிம்மதியாவது! முள்ளு முள்ளான்னு கேட்டதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அறுபதுகள்லயே அந்த ஓரத்தை இந்த விரலால தொட்டவ நான்.

அப்ப நானும் எம் புருஷனும் டயகம பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல இருந்தோம். லயத்து வீட்டு வரிசையில பக்கத்துக் காம்பராப் பொண்ணுக்கு அஞ்சு மாசக் கைக்குழந்தை. கொழுந்து எடுக்கிற நடுவுல குழந்தைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிப்போய்ப் பால் குடுத்துட்டு வருவா. ஒருநாள் அழுதுகிட்டே வந்தா. "அக்கா, இடது பக்கம் வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிறா. உள்ள கெட்டியா என்னமோ இருக்கு." தொட்டுப் பாத்தேன். பால்கட்டு விரலுக்கு நழுவும், இது நழுவல. ஓரமெல்லாம் இஞ்சிக் கிழங்காட்டம் கரடுமுரடு. ஆனாலும் பெரிய மருத்துவச்சின்னு நெனப்பு எனக்கு. "அடி போடி, பால்கட்டுடி இது"ன்னேன். தோட்டத்து டொக்டரையா ஆம்பள, அவர்கிட்ட மாரைத் திறந்து காட்டுறதா? தினம் சுடுதண்ணி ஒத்தடம் குடுத்து நானே அமுக்கி அமுக்கி விட்டேன். என் புத்தியச் செருப்பாலதான் அடிக்கணும்.

மார்த் தோலு தோடம்பழத் தோலாட்டம், ஆரஞ்சுத் தோலு மாதிரி, குழி விழுந்தப்புறம்தான் டொக்டரையாகிட்டப் போனோம். தொட்டதும் அவர் மூஞ்சி செத்துப்போச்சு. "இவ்வளவு நாளா என்னம்மா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"ன்னார். கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனவ திரும்பி வரல. அவ புருஷன் பொம்பளப்புள்ளைய எங்கிட்டக் குடுத்துட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிட்டான். எனக்கோ புள்ளயில்ல. நாங்க பொகவந்தலாவைப் பக்கம் தோட்டம் மாறிப் போனோம். அங்க எல்லாரும் எம் மகள்னே நெனச்சாங்க. அவளும்தான். நான் வாயே திறக்கல.

இன்னைக்கு என்னை ஸ்கேனுக்குக் கூட்டிட்டு வந்ததே அவதான். பக்கத்துலயே நின்னா. "அம்மாவுக்கு ஒண்ணுமில்லங்க. உங்களுக்குப் பரம்பரையா வரும்னு பயப்பட வேணாம்"னு டொக்டரம்மா அவளைப் பாத்துச் சிரிச்சாங்க. அவ கும்பிட்டுட்டு, "வாங்கம்மா, பஸ்சு போயிரும்"னு கதவைத் திறந்தா.

அன்னைக்குப் பேசிக் கெடுத்தேன், இன்னைக்குப் பேசாமக் கெடுக்கவா? அவ கையப் புடிச்சு நிப்பாட்டினேன்.

"டொக்டரம்மா, இவளையும் பாருங்க. இவளைப் பெத்தவ நானில்ல. பெத்தவ இந்த நோவுலதான் செத்தா."

எம் மக கைய உருவிக்கிட்டு, நான் எந்திரிச்ச கட்டில்ல போய்ப் படுத்தா.