யாரும் உட்காராத நாற்காலிகள்

ஸ்கூடாய் நகரில் மசாலாத்தூள் பொட்டலம் போடும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் நான் சூப்பர்வைசர். அதற்கு முன்னால் அங்கேயே பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம், இப்போது நான் நடக்கலாம். அப்போது நிற்க மட்டும்தான் முடியும்.

நின்றுதான் வேலை செய்ய வேண்டும் என்பது பழைய முதலாளி போட்ட சட்டம். உட்கார்ந்தால் கை தூங்கிவிடும் என்பார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. எங்களில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்துவிடுவார். அங்கேயும் உட்காரமாட்டார். கடைசியில் காலில் நரம்பு சுருண்டுகொண்டது. ஆபரேஷன் செய்த டாக்டர் இனிமேல் வீட்டில் உட்காரச் சொல்லிவிட்டார். தொழிற்சாலை மகள் கைக்கு வந்தது.

மகள் சிங்கப்பூரில் ஆபீஸ் வேலை பார்த்தவர். வந்த புதிதில் ஒரு நாள் தலைக்கு வலை மாட்டிக்கொண்டு எங்கள் பெண்களோடு மேசையில் பொட்டலம் போட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு காலை மடக்கிக் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

“எதுக்குக்கா எல்லாரும் நிக்கிறோம்?” என்று என்னிடம் கேட்டார்.

“நாற்காலி இல்ல பாஸ்.”

“ஏன் இல்ல?”

“எல்லாரும் நிக்கிறதால.”

அதற்கு மேல் எனக்குக் காரணம் தெரியவில்லை.

கொஞ்ச நாளில் லாரியில் நாற்காலிகள் வந்து இறங்கின. மேசை உயரத்துக்கு ஏற்றவை, முதுகு சாய்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒன்று போட்டோம். ஒருவரும் உட்காரவில்லை. நாற்காலிக்கு முன்னால் நின்று வேலை செய்தார்கள். முன்பு நின்ற இடத்தில் பாதியை நாற்காலி பிடித்துக்கொண்டதால், இப்போது நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பாஸ் வந்து “உக்காருங்க” என்றால் உட்கார்ந்தார்கள். அவர் கதவைத் தாண்டியதும் எழுந்துவிட்டார்கள்.

சாஆ என்ற ஊர்ப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த அக்கா ஒருவர்தான் எங்களில் மூத்தவர். தினமும் காலையில் தன் நாற்காலியைத் துணியால் துடைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நிற்பார். ஏன் உட்காரவில்லை என்று பாஸ் அவரிடமே கேட்டார்.

“புது நாற்காலி லா. அழுக்காயிடும்.”

“அதுக்குத்தானேக்கா வாங்கினது. உண்மையச் சொல்லுங்க.”

அக்கா கையிலிருந்த பொட்டலத்தை ஒட்டி முடித்துவிட்டுத்தான் பேசினார். “உங்கப்பா இருக்கறப்போ ஒரு பொண்ணு உக்காந்திச்சு. புள்ளத்தாச்சி. கால் வீங்கிப் போச்சுன்னு காலிப் பெட்டி மேல உக்காந்திச்சு. உங்கப்பா திட்டவே இல்ல. ‘நாளைலேர்ந்து வீட்டுலயே உக்காந்துக்கம்மா’ன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் அது வரல.”

நானும் அந்த மேசையில் நின்றவள்தான். அப்படித்தான் நடந்தது என்றேன். பாஸ் அக்காவின் காலி நாற்காலியைப் பார்த்தார். பிறகு, “அவங்க இப்ப எங்க இருக்காங்க?” என்றார்.

கோத்தா திங்கியில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு விற்கும் கடை போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு கார் ஓட்டினார். வழியெல்லாம் செம்பனைத் தோட்டம். பாதி வழியில் சொன்னார்: “அப்பாகிட்ட கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“ஞாபகம் இல்லைன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, பையனா பொண்ணான்னு கேட்டாரு.”

கடை சாலையோரத்தில், பெரிய குடைக்குக் கீழே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. கூட வந்திருப்பவர் யாரென்று சொன்னேன். அவர் பாஸை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க” என்றார். பாஸ் உட்காரவில்லை.

“அப்பா உங்களுக்குச் செஞ்சது தப்பு. நான் மன்னிப்புக் கேட்க வந்தேன். நீங்க திரும்ப வேலைக்கு வரணும்னா உங்க இடம் இருக்கு.”

“நான் எதுக்கு வரணும்? இங்க நான்தான் பாஸ்.”

“சரிங்க.” பாஸ் தயங்கினார். “பையனா, பொண்ணா?”

“பொண்ணு. பள்ளிக்கூடம் போறா. அங்க நாள் பூரா உக்காந்தே இருக்கா. டீச்சர் ஒண்ணும் சொல்றதில்ல.”

பாஸ் அப்போதுதான் உட்கார்ந்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களுக்குத் தேநீர் வந்தது. நாற்காலி வாங்கிப் போட்ட கதையையும், யாரும் உட்காராததையும் நான் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அலமாக்! இன்னமும் நிக்கிறாங்களா? கடை லீவு அன்னிக்கு வரேன். எனக்கு அந்த நாற்காலியப் பாக்கணும்.”

சொன்னபடி வந்தார். கல்யாணத்துக்குப் போவதுபோல் பட்டுச்சேலை கட்டியிருந்தார். நேராகத் தன் பழைய இடத்துக்குப் போய், அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்துப் பார்த்தார். எல்லாருக்கும் கை நின்றுவிட்டது. பாஸ் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வரவில்லை.

“பரவால்லையே,” என்றார் அந்தப் பெண். நாற்காலியைச் சொன்னாரா வேறெதையாவது சொன்னாரா என்று தெரியாது. மல்லித்தூள் பொட்டலம் சிலவற்றைத் தன் பக்கம் இழுத்து ஒட்ட ஆரம்பித்தார். உட்கார்ந்தும் அவருக்குக் கை தூங்கவில்லை. சாஆ அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் நாற்காலியை ஒருமுறை துடைத்தார். மெதுவாக, சுடுதண்ணீரில் இறங்குபவரைப் போல, உட்கார்ந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். யாரும் கை தட்டவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய்த்தூள் என்றார். அன்று எங்கள் மேசையில் மிளகாய்த்தூள் இல்லை.

அதற்குப் பிறகு புகார்கள் வர ஆரம்பித்தன. ஒரு நாற்காலி கிறீச்சிடுகிறது. இன்னொன்று உயரம் பத்தவில்லை. வெயில் நாளில் இருக்கை சுடுகிறது, மெத்தை வேண்டும். பழைய முதலாளி காலத்தில் எங்களிடமிருந்து ஒரு புகாரும் போனதில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். மகளிடம், “இப்படியே போனா தாங்காது பாஸ்” என்றேன்.

“வரட்டும்க்கா,” என்றார். அன்று அவர் முகம் நன்றாக இருந்தது.

போன வாரம் சாஆ அக்கா வேலை நேரத்தில் எழுந்து, நேராக பாஸ் அறைக்குப் போனார். மின்விசிறிக் காற்று தன் பக்கம் வருவதே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கதவைக்கூடத் தட்டவில்லை.