மூன்று முறை தட்டியது யார்?

இது நடந்தது. நம்பாதவர்கள் வரதராஜாவையே கேட்டுப் பார்க்கலாம். ஆனால் கேட்டதும் மனிதர் பேச்சை மாற்றிவிடுவார். அவர் வாய் தவறிச் சொன்ன ஒரே ஒரு நாளில் பக்கத்தில் இருந்து கேட்டதைத்தான் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

1977, ஜூலை 12, செவ்வாய்க்கிழமை. மெல்பேர்னில் நல்ல குளிர். கொழும்பில் எஞ்சினியராக இருந்த வரதராஜாவுக்கு இங்கே கிடைத்தது வீடுகளுக்குச் சூடான காற்றுக் குழாய் பூட்டும் வேலை. "தரைக்குக் கீழே ஊர்ந்து போகப் பயமில்லையே?" என்று முதலாளி கேட்டிருந்தார். இல்லை என்று இவர் கூசாமல் பொய் சொன்னார். உண்மையில் லிஃப்டுக்குள் ஏறினாலே அவருக்கு மூச்சு முட்டும்.

அன்றுதான் முதன்முதலாகத் தனியாக வேலை. பொக்ஸ் ஹில்லில் ஒரு பழைய மரவீடு. வீட்டுக்காரி டொக்டர் இராஜேஸ்வரி, யாழ்ப்பாணத்துக்காரி. வீட்டை வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

படுக்கையறை அலுமாரிக்குள், தரையில் ஒரு சதுர மூடி. கீழே இறங்க அது ஒன்றுதான் வழி. இறங்கினால் ஒன்றரை அடி உயரம். முழங்கையால் ஊர்ந்துதான் போக வேண்டும். அங்கே ஓடும் குழாய்களுக்குள் இரண்டு டாம்பர் பூட்ட வேண்டும். டாம்பர் என்றால் காற்றைத் திறந்து மூடும் தகரக் கதவு. அதைச் சின்ன மோட்டார் ஒன்று திருப்பும். ஒன்று முன் அறைக்கு, மற்றது படுக்கையறைகளுக்கு.

2.25க்கு இரண்டும் பூட்டி முடிந்தது. சோதிப்பதற்கு ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். இராஜேஸ்வரி மேலே அந்தந்த அறையின் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகியை, உச்சத்துக்குத் திருப்பிவிட்டுக் குதிக்காலால் தரையில் தட்டுவார். முன் அறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு இரண்டு. டாம்பர் திறந்ததும் இவர் ஸ்குறூ டிறைவரால் பலகையில் ஒரு தட்டு. சரி, அடுத்தது என்று அர்த்தம்.

டொக்.

பலகை இடுக்கால் தூசி கொட்டி இவர் கண்ணில் விழுந்தது. ர்ர்ர்ர்... முப்பது விநாடியில் டாம்பர் திறந்தது. இவர் தட்டினார்.

டொக். டொக்.

மறுபடியும் தூசி. ர்ர்ர்ர்... அதுவும் திறந்தது. தட்டினார். மனிதருக்குச் சந்தோஷம். முன் அறைக்குக் கீழே, மூடியிலிருந்து தூரத்தில் படுத்துக்கொண்டு, குழாய் மூட்டுகளுக்கு டேப் ஒட்டத் தொடங்கினார். ஹீற்றர் உறுமிக்கொண்டிருந்தது.

மணி 2.44.

டொக். டொக். டொக்.

கை பழக்கத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டது.

பிறகுதான் யோசித்தார். மூன்றாவது டாம்பர் ஏது?

"அக்கா, மூண்டு இல்லை! ரெண்டுதான்!"

2.47க்கு மேலே டெலிபோன் அடித்தது. காலடிச் சத்தம் கேட்டது. அக்கா பகிடி விடுகிறார் என்று நினைத்து ஆறுதலாக டேப்பை எடுத்தார்.

2.55.

டொக். டொக். டொக்.

இந்த முறை டோர்ச்சை மேலே பிடித்திருந்தார். தூசி விழவில்லை... ஒரு பொட்டுக்கூட விழவில்லை.

சத்தம் காதுக்கு வருமுன் முழங்கையில் அதிர்ந்தது. மண்ணில் ஊன்றியிருந்த முழங்கையில்.

திரும்பி மூடியின் பக்கம் பார்த்தார். அங்கே சதுரமாக ஒரு வெளிச்சம் தெரிய வேண்டும்.

தெரியவில்லை.

எப்படி ஊர்ந்தார் என்று அவருக்கே தெரியாது. மூடியைத் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்து முட்டினார். மேலே ஏதோ கனமாக இருந்தது.

"அக்கா! அக்கா!"

மேலே ஒரு காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

ர்ர்ர்ர்... முன் அறை டாம்பர் மூடியது. மேலே தெர்மோஸ்டாட்டை யாராவது கையால் குறைக்காமல் அது மூடாது. மேலே ஆளே இல்லை...

ர்ர்ர்ர்... மற்றதும் மூடியது.

ஹீற்றர் நின்றது. அந்த உறுமல் போனதும், தன் மூச்சைத் தவிர இன்னொரு மூச்சும் கேட்கிறதோ என்று அவர் தன் மூச்சை அடக்கிப் பார்த்தார்.

கேட்டது.

டொக். குழாய்க்கு அந்தப் பக்கம்.

டொக். இந்தப் பக்கம்.

டோர்ச் மஞ்சளாகி அணைந்தது.

டொக்.

காலடியில்.

பயமில்லை என்று சொன்ன அந்தப் பொய்யை நினைத்து அழுதார். மூடியில் முகத்தை ஒட்டி, காலை மடக்கி, அப்படியே கிடந்தார். மூன்று மணி... நான்கு மணி... கைக்கடிகாரத்தின் பச்சை முள் மட்டும்தான் துணை. குதிக்காலுக்குக் கீழே இருந்த மண் மட்டும் மெதுவாக, இளஞ்சூடாக, ஏறி இறங்கியது.

5.20க்கு மூடி திறந்தது.

"என்ன தம்பி, இன்னும் உள்ளுக்கோ? வெளியிலை உம்மடை வான் நிக்குதெண்டுதான் பாத்தனான்."

அவரைப் பிடித்து மேலே இழுத்தார் இராஜேஸ்வரி. பக்கத்தில் அவருடைய பெரிய இரும்புப் பெட்டி. வரதராஜா அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஏன் அக்கா பெட்டியை மேலை வைச்சனீங்கள்?"

"நீர்தானே சொன்னனீர்! ஆஸ்பத்திரியிலை அவசரமா வரச்சொல்லிப் போன் வந்தது. நான் குனிஞ்சு, போயிட்டு வரட்டோ எண்டு கேட்டன். 'ஓம் அக்கா, குளிர் ஏறும், மூடிப் பெட்டியையும் வைச்சிட்டுப் போங்கோ, நாங்கள் மற்றப் பக்கத்தாலை வாறம்' எண்டனீர். உம்மடை குரல்தான் தம்பி."

"நான் சொல்லேல்லை அக்கா... மற்றப் பக்கத்தாலை வழியும் இல்லை."

இராஜேஸ்வரி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் குனிந்து இருட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது கிடக்கட்டும். நான் கேட்ட நேரம் உமக்குப் பின்னாலை இருந்து கையாட்டினாரே, அவரையும் கூப்பிடும். தேத்தண்ணி போடுறன்."