ஜட்கா குதிரைக்கு நான் சொன்ன நோய்

1930களின் தொடக்கத்தில், ஒரு கார்த்திகை மாதம் ஆம்பூரில் நடந்தது இது. கால்நடை வைத்தியராக நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ரயிலடியில் ஜட்கா வண்டி ஓட்டும் பாய் ஒருவர் தம் வெள்ளைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இருமல், காய்ச்சல், மூக்கில் ரத்தம் கலந்த சளி. விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. பார்த்ததுமே கிளாண்டர்ஸ் என்று முடிவு செய்துவிட்டேன். தொடுகிற மனிதருக்கும் தொற்றிக் கொல்லும் நோய் அது. வந்தால் குதிரையைக் கொன்றுவிட வேண்டும் என்பது சட்டம்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை ஊசி உண்டு. அது கைவசம் இல்லை; சென்னையிலிருந்து வர நான்கு நாளாகும்.

"அதுவரிக்கும் தனியா கட்டி வெச்சிக்கறேன் சார், கொஞ்சம் பொறுங்க" என்று பாய் கெஞ்சினார். ஆனால் ரயிலடிக் குதிரைகள் எல்லாம் ஒரே தொட்டியில் தண்ணீர் குடிப்பவை. பயத்தில், கொல்வதற்கான உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பாலாற்று மணலில் குதிரையைத் துப்பாக்கியால் சுட்டார்கள். கயிற்றைப் பிடித்திருந்தவர் பாய்தான். வேறு ஆள் பிடித்தால் மிரளும் என்றார்.

அறுத்துப் பார்த்தபோது கிளாண்டர்ஸில் வருவதுபோலவே நுரையீரலில் கட்டிகள் இருந்தன. ஆனால் மூச்சுக்குழாயின் உள்ளே, பழைய ரொட்டியில் படிவதுபோல் சாம்பல் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. ஒரு துண்டைச் சென்னைக்கு அனுப்பினேன். கிளாண்டர்ஸ் இல்லை, பூசணம்தான் நுரையீரலுக்குள் வேர்விட்டுப் பரவியிருக்கிறது என்று பதில் வந்தது.

அதற்குள், தொற்றிவிடும் என்று பயந்து பாய் வீட்டுப் பக்கம் எல்லாரும் போவதை நிறுத்தியிருந்தார்கள். அவரும் பெண்டு பிள்ளைகளைத் தொடாமல் ஒதுங்கியிருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னதும் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகுதான் கேட்டார்:

"பூசணம் இன்னாத்துல சார் வந்துது?"

"நனைஞ்ச வைக்கோல்ல இருந்திருக்கும் பாய். அந்தத் தூசி மூச்சுல போயிருக்கும்."

அவர் முகம் மாறியது. "மழையில நனைஞ்சத காயவெச்சு நான்தான் போட்டேன். அது மூஞ்ச திருப்பிக்கிச்சு சார். அதட்டி துன்ன வெச்சேன்."

மகளின் தலையைத் தடவியபடியே, "நாலு நாள் பொறுத்திருந்தா பொழைச்சிருக்குமா?" என்றார்.

"தெரியல பாய். ஆனா சுட்டிருக்க மாட்டோம்."

பிறகு எத்தனையோ குதிரைகளைப் பார்த்துவிட்டேன். நோயின் பெயரைச் சொல்வதற்கு முன், அது என்ன தின்றது என்று கேட்காமல் இருந்ததில்லை. அன்று அந்த மனிதரிடம் அதைக் கேட்காமல் போனேனே என்ற வேதனை இன்றும் ஆறவில்லை.